900 பேரும் ஒரு மழையும்: சின் பேரரசைக் கவிழ்த்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்?

நாய்க்கறி விற்றவர் ஒருவர். சாவு வீட்டில் குழல் ஊதியவர் ஒருவர். சிறை எழுத்தர், அரசு லாயத்தின் வண்டியோட்டி, பட்டுத்துணி வியாபாரி, சதுப்பு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டே கொள்ளைக் கூட்டத்தோடும் திரிந்தவர், முகத்தில் பச்சை குத்தப்பட்ட தண்டனைக் கைதி. கூடவே ஒரு தளபதியின் மகன், ஒரு முதலமைச்சரின் மகன், கன்ஃபூசியஸின் நேர் வாரிசு.

சீனாவின் முதல் பேரரசான சின், கி.மு. 209 முதல் 206 வரை மூன்றே ஆண்டுகளில் சரிந்தது. அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களும் அவர்களோடு நின்றவர்களுமே மேலே சொன்னவர்கள். பாடநூல்கள் இதைச் சீன வரலாற்றின் முதல் பெரும் உழவர் கிளர்ச்சி என்கின்றன. பட்டியலில் உழவர் எங்கே என்று கேட்டால், ஒருவரைக் காட்டலாம்: சென் ஷெங். அவரும் சொந்த நிலத்தில் உழுதவரல்லர். பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவர். அவருக்குப் பின்னால் வந்த தலைவர்களில் பெரும்பாலோர் கலப்பையைப் பிடித்தே பழகாதவர்கள்.

இந்த இடைவெளியே இந்த ஆய்வின் பொருள். நமக்குக் கிடைக்கும் தகவல்களில் மிகப் பெரும்பகுதி, நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய சீமா சியென் என்ற அரண்மனை வரலாற்றாசிரியர் வழியாக வருகிறது. தண்டனையாக விதையடிக்கப்பட்டு அவமானப்பட்ட மனிதர் அவர். தாழ்ந்த இடத்திலிருந்து எழுந்தவர்கள் மேல் அவருக்கு ஒரு பரிவு இருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கெடு தவறிய 900 பேர்

கி.மு. 221இல் சின் அரசு மற்ற ஆறு அரசுகளையும் விழுங்கி முடித்தது. கி.மு. 210இல் முதல் பேரரசர் பயணத்தின் நடுவே இறந்தார். மூத்த மகன் ஃபூசூ சூழ்ச்சியால் தற்கொலைக்குத் தள்ளப்பட, இளையவர்களில் ஒருவரான ஹூஹாய் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஏழாம் மாதத்தில், அந்த ஆறில் ஒன்றான பழைய சூ நாட்டுப் பகுதியிலிருந்து 900 பேர் எல்லைக் காவலுக்கென்று வடக்கே யூயாங்குக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். யூயாங் இன்றைய பெய்ஜிங்கை ஒட்டிய பகுதி. இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் வடக்கில் தாஸெ என்ற ஊரில் தங்கியிருந்தபோது அடைமழை பிடித்துக்கொண்டது. பாதை அடைபட்டது. குறித்த நாளில் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. கெடு தவறினால் தலை போகும் என்பது சட்டம் என்கிறார் சீமா சியென்.

அந்த 900 பேரில் இருவர் பிரிவுத் தலைவர்களாக நியமிக்கப்பட்டிருந்தார்கள்: சென் ஷெங், வூ குவாங். ஓடினாலும் சாவு, எழுந்தாலும் சாவு என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். சிவப்பு மையால் "சென் ஷெங் அரசனாவான்" என்று பட்டுத்துண்டில் எழுதி ஒரு மீனின் வயிற்றில் திணித்தார்கள். சமைக்க வாங்கிய மீனை அறுத்த ஆட்கள் அதைப் பார்த்து மிரண்டார்கள். இரவில் அருகிலிருந்த மரக்கூட்டத்துக் கோயிலில் வூ குவாங் விளக்கை ஏற்றிவைத்து, நரிக்குரலில் "மகா சூ எழும், சென் ஷெங் அரசனாவான்" என்று ஊளையிட்டார். மறுநாள் ஆட்கள் சென் ஷெங்கை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு குடித்திருந்த அதிகாரியை வூ குவாங் வேண்டுமென்றே சீண்டி அடி வாங்கினார். ஆட்களிடம் அவருக்கு நல்ல பெயர் உண்டு, அவர் அடிபடுவதை அவர்கள் பொறுக்க மாட்டார்கள் என்பது திட்டம். அதிகாரியின் வாள் கை மாறியது. காவலுக்கு வந்த இரண்டு அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள்.

அப்போது சென் ஷெங் பேசிய பேச்சில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று: தலை தப்பினாலும் எல்லைக் காவலில் பத்துக்கு ஆறேழு பேர் எப்படியும் சாகிறார்கள். மற்றொன்று ஒரே வரி. அரசர்கள், பிரபுக்கள், தளபதிகள், அமைச்சர்கள் இவர்களுக்கென்று தனி வித்து இருக்கிறதா என்ன?

வித்து என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் போடவில்லை. மூலத்தில் உள்ள "ஜோங்" என்ற சொல்லுக்கு விதை என்றும் வம்சம் என்றும் இரண்டு பொருள் உண்டு. தமிழில் வித்து என்றால் இரண்டும் ஒன்றாக ஒலிப்பது போலவே அங்கும். கூலிக்கு விதைத்த கை அந்தச் சொல்லைத் தேர்ந்தது தற்செயலோ, சீமா சியெனின் கைவண்ணமோ, எப்படியிருந்தாலும் அது ஒட்டிக்கொண்டது.

ஆனால் அதே நாளில் அந்த இருவரும் வேறொன்றும் செய்தார்கள். தங்கள் படை ஃபூசூவின் பெயராலும், சூ நாட்டின் மறைந்த தளபதி சியாங் யென்னின் பெயராலும் எழுவதாக அறிவித்தார்கள். ஒருவர் எதிரி நாட்டு இளவரசர், மற்றவர் அந்த எதிரியோடு போரிட்டு மடிந்தவர். இரண்டு பெயரும் ஒரே கொடியின் கீழ் சேராது. இருந்தாலும் இருவரும் உயிரோடு இருப்பதாக ஊரில் பேச்சு இருந்தது, போதும். வித்து எதற்கு என்று கேட்ட வாயே வித்துள்ள இரண்டு பெயர்களைக் கடன் வாங்கியது. இந்த முரண் கடைசிவரை தீரவில்லை.

ஒரு கூலியாளுக்கு இரண்டு பெயர்

சென் ஷெங்கின் இளமையைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே காட்சி இது. பிறர் வயலில் கூலிக்கு உழுதுகொண்டிருந்தவர், ஏரை நிறுத்திவிட்டு வரப்பின் மேல் ஏறி நின்றார். நெடுநேரம் மனம் கசந்திருந்து, பிறகு கூட வேலை செய்தவர்களிடம், "நாளைக்குப் பணமும் பதவியும் வந்தால் ஒருவரையொருவர் மறக்கக் கூடாது" என்றார். பக்கத்தில் நின்ற கூலியாள் சிரித்தார்: "கூலிக்கு உழுகிற உனக்கு ஏது பணமும் பதவியும்?" சென் ஷெங் பெருமூச்சு விட்டார்: "குருவிகளுக்கு அன்னத்தின் நாட்டம் எங்கே தெரியும்?"

(தமிழில் எழுதும்போது கூலியாளுக்கு "அவன்" என்றும் அரசருக்கு "அவர்" என்றும் கை தானாகப் போகிறது. சென் ஷெங் எந்த வாக்கியத்தில் "அவர்" ஆகிறார் என்று முடிவு செய்ய முடியாததால், இந்தக் கட்டுரையில் எல்லோரும் "அவர்" தான்.)

கூலி ஆள் என்பது தெளிவு. ஆனால் அதே பதிவு அவருக்கு "ஷெ" என்று ஒரு மரியாதைப் பெயரும் இருந்ததாகச் சொல்கிறது. வூ குவாங்குக்கும் "ஷூ" என்று ஒன்று உண்டு. வயது வந்தபின் சூட்டப்படும் இந்த இரண்டாம் பெயர் நல்ல குடும்பத்தினரின் வழக்கம். இதைப் பிடித்துக்கொண்டு, சென் ஷெங் நொடித்துப்போன ஒரு மேற்குடியின் பிள்ளை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் மெலிதாகவே படுகிறது. ஆறு மாதம் அரசராக இருந்த ஒருவருக்கு மரியாதைப் பெயர் பின்னால் வந்து சேர்வது கடினமா? கூலிக்கு உழுத நண்பர் பிற்பாடு அவரை "ஷெ" என்று கூப்பிடுவதாகப் பதிவு இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் வாதத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை.

இந்த 900 பேர் யார் என்பதற்கும் ஒரு சொல் கிடைக்கிறது: ஊர்வாயிலின் இடப்பக்கத்தார். வசதியுள்ளவர்கள் வாயிலின் வலப்பக்கமும் ஏழைகள் இடப்பக்கமும் குடியிருந்தார்கள், ஏழைகளையும் படைக்கு இழுக்கும் அளவுக்கு ஆள்பிடிப்பு முற்றியிருந்தது என்று பிற்கால உரையாசிரியர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் சரியென்றால், அங்கே நின்ற கூட்டம் ஊரின் கடைசி அடுக்கு. அதற்கு மேல் இறுக்கிப் பிழிய ஆள் இல்லை.

கெடு தவறினால் சாவு என்ற சட்டத்துக்கு வருவோம். 1975இல் ஹூபெய் மாகாணத்து யூன்மெங்கில் ஒரு கல்லறையைத் திறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. சின் ஆட்சியில் வேலை பார்த்த ஒரு உள்ளூர் எழுத்தர், தான் பயன்படுத்திய சட்டங்களோடு புதைக்கப்பட்டிருந்தார். அந்த ஏடுகளில் அரசு வேலைக்கு ஆள் திரட்டும் விதி இருக்கிறது. 3 முதல் 5 நாள் தாமதத்துக்குக் கண்டிப்பு. 6 முதல் 10 நாள் என்றால் ஒரு கேடயத்தின் மதிப்புக்கு அபராதம். அதற்கும் மேல் போனால் ஒரு கவசத்தின் மதிப்பு. மழை வெள்ளம் என்றால் திரட்டலே ரத்து. மரணம் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் சென் ஷெங் பொய் சொன்னாரா? ஏடு சொல்வது உடலுழைப்பு வேலை. 900 பேர் போனது எல்லைக் காவல், அதாவது படைச் சட்டம். முதல் பேரரசர் காலத்து விதி இரண்டாமவர் காலத்தில் இறுகியிருக்கவும் கூடும். வழக்கு முடியவில்லை. ஆனால் தலைமை பற்றிய நம் கேள்விக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த 900 பேரில் சட்டம் என்ன சொல்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அதிகாரிக்கும் ஆட்களுக்கும் இடையே நின்ற பிரிவுத் தலைவர் சொல்வதுதான் அவர்களுக்குச் சட்டம். சென் ஷெங் எழுந்தது கூலியாள் என்ற நிலையிலிருந்து இல்லை. அரசு கொடுத்த அந்தச் சின்னப் பதவியிலிருந்து எழுந்தார்.

வாயில்காவலர்கள்

படை பெருகிய வேகம் நம்ப முடியாதது. சென் நகரை அடைவதற்குள் 600, 700 தேர்கள், ஆயிரத்துக்கு மேல் குதிரைகள், பல பத்தாயிரம் காலாட்கள். சென் சாதாரண ஊர் இல்லை. கி.மு. 278 முதல் 241 வரை சூ நாட்டின் தலைநகராக இருந்தது. ஊருக்குள் போனதும் சென் ஷெங் ஊர்ப் பெரியவர்களையும் செல்வாக்குள்ளவர்களையும் கூட்டினார். அவர்கள்தான் அவரை அரசராகச் சொன்னார்கள். கூலியாளை அரியணையில் ஏற்றிய தீர்மானம், ஊரின் வலப்பக்கத்தார் போட்ட தீர்மானம்.

அந்த ஊரில் இருவர் வந்து சேர்ந்தார்கள்: ஜாங் அர், சென் யூ. சின் விழுங்கிய ஆறு அரசுகளில் ஒன்றான வெய் நாட்டின் பேர்பெற்ற கல்வியாளர்கள். ஜாங் அர் ஒரு காலத்தில் வெய் இளவரசரின் அவையில் விருந்தாளியாக இருந்தவர். வெய் வீழ்ந்தபின் சின் அரசு ஜாங் அர் தலைக்கு 1,000 பொன்னும் சென் யூ தலைக்கு 500 பொன்னும் விலை வைத்தது. இருவரும் பெயரை மாற்றிக்கொண்டு சென் நகரில் தெருவாயில் காவலர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். தங்களைப் பிடித்துத் தரச் சொல்லும் அரசாணை வந்தபோது, வாயில்காவலர் என்ற முறையில் அதைத் தெருவில் அறிவித்தவர்களும் அவர்களே. ஒருநாள் உள்ளூர் அதிகாரி ஒருவர் சென் யூவைச் சாட்டையால் அடித்தார். திமிறி எழப்போன அவரின் காலை ஜாங் அர் மிதித்து அடக்கினார். பின்பு தனியே அழைத்து, "ஒரு சின்ன அதிகாரியின் கையால் சாகவா இத்தனை நாள் காத்திருந்தோம்?" என்று திட்டினார்.

இவர்கள் சென் ஷெங்குக்குச் சொன்ன ஆலோசனை: அரசராகாதீர்கள். பழைய ஆறு அரசுகளின் வாரிசுகளைத் தேடி நிறுத்துங்கள். சென் ஷெங் கேட்கவில்லை. சூவைப் பெருக்குவோம் என்ற பொருளில் "ஜாங் சூ" என்று தன் அரசுக்குப் பெயரிட்டார்.

மேற்கே சின் தலைநகரை நோக்கிப் பெரும்படையோடு போன ஜோ வென், சியாங் யென்னின் படையில் நாள் பார்த்துச் சொன்னவர். நம் வழக்கில் கணியர். தலைநகருக்குப் பக்கத்தில் போய்விட்டார். பேரரசரின் கல்லறையைக் கட்டிக்கொண்டிருந்த கைதிகளை விடுவித்து ஆயுதம் கொடுத்து, சின் தளபதி ஜாங் ஹான் அவரை முறியடித்தார். லூ நாட்டுக் கன்ஃபூசிய அறிஞர்கள் தங்கள் ஆசானின் சடங்குப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு சென் ஷெங்கிடம் வந்தார்கள். ஆசானின் வழித்தோன்றலான கோங் ஃபூ அவரிடம் கல்வி அதிகாரியாக அமர்ந்து, அவரோடே மாண்டார். படித்த மனிதர்கள் பட்டயம் இல்லாத ஒரு கூலியாளிடம் ஏன் போனார்கள் என்று சீமா சியெனே கேட்டுப் பதிலும் சொல்கிறார்: சின் அவர்களுடைய நூல்களை எரித்தது, ஆற்றாமையை இவர் வழியாகத் தீர்த்துக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் ஒத்திகை

இதே காலத்தில் தெற்கே வூ பகுதியில் சியாங் லியாங் இருந்தார். மேலே சொன்ன தளபதி சியாங் யென்னின் மகன். கொலை வழக்கிலிருந்து தப்பி, அண்ணன் மகன் சியாங் யூவோடு அங்கே ஒளிந்திருந்தார். ஒளிந்திருந்தாலும் ஊரில் பெரிய மனிதர். அரசு வேலைக்கு ஆள் திரட்ட வேண்டுமா, பெரிய வீட்டுச் சாவா, எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர் அவரே. ஆட்களைப் பிரித்து வேலை ஒப்படைப்பதில் போர்முறையை ரகசியமாகப் பழக்கினார்; யாருக்கு என்ன திறமை என்று மனத்தில் குறித்துக்கொண்டார். கிளர்ச்சி தொடங்கியதும் 8,000 பேரைத் திரட்டிப் பதவிகளைப் பங்கிட்டபோது, விடுபட்ட ஒருவர் வந்து கேட்டார். "இன்னாருடைய சாவில் உங்களிடம் ஒரு பொறுப்பு கொடுத்தேன், உங்களால் முடியவில்லை" என்றாராம் சியாங் லியாங். ஊரே ஒத்துக்கொண்டது.

இந்த ஒரு காட்சி, தலைவர்களின் குலத்தைப் பற்றிய நீண்ட விவாதங்களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. தலைமைக்கு வந்தவர்களைப் பிறப்பின்படி அடுக்கினால் வரிசை குழம்புகிறது: கூலியாள், தளபதி மகன், கைதி, எழுத்தர். அவர்கள் நின்ற இடத்தின்படி அடுக்கினால் வரிசை நேராகிறது. எல்லைக் காவலுக்கு ஆள் நடத்திய பிரிவுத் தலைவர். கைதிகளை நடத்திச் சென்ற சிற்றதிகாரி. தெருவாயிலில் நின்று ஆணை அறிவித்தவர். ஆள் பட்டியல் எழுதியவர். சாவுக்கும் கட்டாய வேலைக்கும் ஊரைக் கூட்டியவர். ஆணை ஊருக்குள் இறங்குகிற படிகளில் நின்றவர்கள் இவர்கள். ஊரின் முகங்களும் அரசின் கணக்கும் இரண்டுமே இவர்களுக்குத் தெரியும். சின் அரசு ஆளைத் திரட்டிக்கொண்டே இருந்த அரசு. சாலை, மதில், அரண்மனை, கல்லறை, எல்லை என்று. திரட்டத் தெரிந்த மனிதர்களை ஊருக்கு ஊர் அது தானே வளர்த்து வைத்திருந்தது.

வித்து விவகாரம் சியாங் லியாங்கிடம் திரும்ப வந்தது. சென் ஷெங் இறந்த செய்தி வந்தபின், ஃபான் செங் என்ற 70 வயது முதியவர் சொன்னார்: சென் ஷெங் தோற்றது தகும், சூ அரச வாரிசை நிறுத்தாமல் தானே அரசரானார். சின் அரசால் சிறைபிடிக்கப்பட்டு அங்கேயே கி.மு. 296இல் இறந்த சூ மன்னர் ஹுவாயின் பேரர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் பெயர் சின்; பேரரசின் பெயரும் அதுவும் தமிழில் ஒன்றுபோல் ஒலித்தாலும் சீனத்தில் வேறு வேறு. கண்டுபிடித்தபோது அவர் மக்களோடு மக்களாகப் பிறர் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார்.

கூலிக்கு உழுதவர் வித்தில்லாததால் அரசராக நீடிக்கக் கூடாது. கூலிக்கு ஆடு மேய்த்தவர் வித்திருப்பதால் அரசராக வேண்டும். இருவரும் ஒரே அடுக்கில் ஒரே வகை வேலை பார்த்தவர்கள். ஆடு மேய்த்தவரை அரசராக்கிய சியாங் குடும்பமே பின்னாளில் அவரைக் கொல்லவும் செய்தது.

கணக்கர்கள் பின்னால் நின்ற காரணம்

துங்யாங் ஊரில் சென் யிங் என்ற எழுத்தர் இருந்தார். நம்பிக்கையானவர் என்று பெயர். இளைஞர்கள் ஊர் அதிகாரியைக் கொன்றுவிட்டு, தலைவர் தேடி, அவரிடம் வந்தார்கள். வேண்டாம் என்றும் விடவில்லை. 20,000 பேர் சேர்ந்து அரசராகச் சொன்னார்கள். அவருடைய அம்மா தடுத்தார்: "உன் வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல், உன் முன்னோரில் யாரும் பெரிய பதவியில் இருந்ததாக நான் கேட்டதில்லை. திடீரென்று பெரிய பெயர் வருவது நல்லதில்லை. யாருக்காவது கீழே இரு. காரியம் ஜெயித்தால் பட்டம் கிடைக்கும். தோற்றால் தப்பிக்கலாம், உன்னை யாரும் விரல் நீட்ட மாட்டார்கள்." சென் யிங் தன் 20,000 பேரையும் சியாங் லியாங்கிடம் ஒப்படைத்தார்.

பெய் ஊரிலும் இதே கதை, வேறு முடிவு. அங்கே சியாவ் ஹே ஊராட்சியின் தலைமை எழுத்தர், சாவ் ஷென் சிறை எழுத்தர். கிளர்ச்சி பரவியதும் பெய் அதிகாரியும் கிளர்ச்சியில் சேர விரும்பினார். எழுத்தர்கள் இருவரும், நீங்கள் சின் அதிகாரி, இளைஞர்கள் நம்ப மாட்டார்கள், தலைமறைவாக இருக்கும் லியூ பாங்கை அழையுங்கள் என்றார்கள். லியூ பாங் அதே பகுதியில் ஒரு காவல் சாவடியின் தலைவராக இருந்தவர். நம் ஊர்த் தலையாரியைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். கல்லறை வேலைக்குக் கைதிகளை நடத்திப் போனபோது வழியிலேயே பலர் ஓட, போய்ச் சேர்வதற்குள் ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்று கண்டு மீதிப் பேரையும் அவிழ்த்துவிட்டவர். பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடேயே நின்றார்கள். பின்பு மனம் மாறிய அதிகாரி ஊர்வாயிலை அடைத்தார். லியூ பாங் பட்டில் எழுதிய கடிதத்தை அம்பில் கட்டி உள்ளே எய்தார். ஊர்ப் பெரியவர்கள் அதிகாரியைக் கொன்று கதவைத் திறந்தார்கள்.

அடுத்து, தலைவர் யார்? படிப்பாலும் பதவியாலும் சியாவ் ஹேயும் சாவ் ஷென்னும் மேலே. ஆனால் அவர்கள் உயிருக்கு அஞ்சினார்கள், தோற்றால் குலத்தையே அழிப்பார்கள் என்று பயந்தார்கள், அதனால் லியூ பாங்குக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று சீமா சியென் ஒளிக்காமல் எழுதுகிறார். பிற்காலத்தில் இருவரும், லியூ பாங் நிறுவிய ஹான் பேரரசின் முதலமைச்சர்கள். அவர்களைப் பற்றி அப்படியொரு வரியை எழுதிவைக்கத் துணிவு வேண்டும்.

லியூ பாங்கின் வீடு உழவர் வீடுதான். மனைவி இரண்டு பிள்ளைகளோடு வயலில் களை எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. அப்பாவின் பெயர்கூட வரலாற்றில் இல்லை. "பெரியவர்" என்றே குறிக்கப்படுகிறார். ஆனால் லியூ பாங்குக்கு உழவு பிடிக்காது. பாடுபட்டுச் சொத்துச் சேர்த்த அண்ணனைக் காட்டி அப்பா அவரைக் கரித்துக்கொட்டுவார். பேரரசரானபின் விருந்தில் எழுந்து, "இப்போது சொல்லுங்கள், அண்ணன் சேர்த்தது அதிகமா நான் சேர்த்ததா?" என்று அப்பாவிடம் கேட்டு அவையைச் சிரிக்க வைத்தார். கிளர்ச்சியில் கடைசியாக வென்ற மனிதர் வயலை வெறுத்த உழவர் மகன்.

முதல் பத்தியின் பட்டியலில் பெரும்பாலோர் அவரைச் சுற்றி நின்றவர்கள்தான். நாய்க்கறி விற்ற ஃபான் குவாய். பட்டுப்புழுத் தட்டு முடைந்து சாவுக்குக் குழல் ஊதிய ஜோ போ. லாயத்து வண்டியோட்டி சியாஹோ யிங். பட்டு வியாபாரி குவான் யிங். பின்னால் வந்து சேர்ந்த மீனவர் பெங் யுவே, கல்லறை வேலைக்குப் போன கைதி யிங் பூ. பிறப்பால் உயர்ந்தவர் ஒருவர்: ஜாங் லியாங். அவருடைய பாட்டனாரும் தந்தையும் ஹான் என்ற குறுநாட்டில் (பின்னாளைய ஹான் பேரரசு வேறு) ஐந்து மன்னர்களுக்கு முதலமைச்சர்களாக இருந்தார்கள். கி.மு. 218இல் முதல் பேரரசர் மேல் இரும்புச் சம்மட்டி எறிய ஆள் வைத்து, தவறி, தப்பியவர். அவரும் இந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

கி.மு. 206இல் சின் தலைநகருக்குள் படை நுழைந்தபோது எல்லோரும் பொன்னுக்கும் பட்டுக்கும் ஓட, சியாவ் ஹே நேராகப் போய் வரைபடங்களையும் குடிக்கணக்கு ஏடுகளையும் கைப்பற்றினார். எந்த ஊரில் எத்தனை வீடு, எங்கே கோட்டை என்பது லியூ பாங்குக்குத் தெரிந்தது அதனால்தான். சென் ஷெங்கிடம் இப்படி ஒருவர் இல்லை. அவர் நம்பிய ஜூ ஃபாங், ஹூ வூ என்ற இருவரும் தளபதிகளின் குற்றம் கண்டுபிடித்துத் தண்டிப்பதையே விசுவாசமாக நினைத்தவர்கள்.

பெயர் வைத்தவர்கள்

சீமா சியென் தன் வரலாற்றில் சென் ஷெங்கை "வம்சங்கள்" என்ற பகுதியில், பரம்பரைப் பிரபுக்களோடு வைத்தார். 47ஆம் அத்தியாயம் கன்ஃபூசியஸ், 48ஆம் அத்தியாயம் சென் ஷெங். வாரிசே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிந்தவருக்கு வம்ச அத்தியாயம். அடுத்த நூற்றாண்டுகளில் ஹான் வரலாற்றை எழுதிய பான் கூ அவரைத் தூக்கிச் சாதாரண வாழ்க்கை வரலாறுகளில் போட்டுவிட்டார். 1939இல் மாவோ, சென் ஷெங்கும் வூ குவாங்கும் தொடங்கிவைத்த உழவர் கிளர்ச்சிகளே சீன வரலாற்றை நகர்த்திய விசை என்று எழுதினார். 1950களில் உழவர் போர்கள் சீன வரலாற்றாய்வின் பெரிய விவாதங்களில் ஒன்றாயின. தலைவரின் வர்க்கத்தைத் தீர்மானித்தால் கிளர்ச்சியின் வர்க்கம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் அதில் ஊறிக் கிடந்தது. அது எனக்கு ஒத்துவரவில்லை. தாஸெயில் நின்ற 900 பேரும் ஏழை உழவர்களாகவே இருந்திருக்கலாம். கிளர்ச்சியின் வலியும் அவர்களுடையதே. ஆனால் அந்த வலிக்குக் குரல் கொடுத்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் வயலை விட்டு வெளியே வந்து நின்றவர்.

வூ குவாங் தன் துணைத் தளபதியாலேயே, போலி ஆணையின் பெயரில், கொல்லப்பட்டார். வடக்கே அனுப்பிய பழைய நண்பர் வூ சென் தன்னையே ஜாவோ நாட்டு அரசராக அறிவித்துக்கொண்டார். அரசரான ஆறாம் மாதத்தில் சென் ஷெங்கை அவருடைய தேரோட்டி ஜுவாங் ஜியா கொன்று, சின் படையிடம் சரணடைந்தார். ஹான் பேரரசு பின்னர் அவருடைய கல்லறையைக் காக்க 30 குடும்பங்களை அமர்த்தியது.

இந்த வழக்கில் உண்மையான உழவர் ஒருவரின் குரல் இன்னொரு முறை கேட்கிறது. சென் ஷெங் அரசராக இருந்தபோது, பழைய கூலிக்காரத் தோழர் ஒருவர் சென் நகருக்கு வந்து அரண்மனை வாயிலைத் தட்டினார். "ஷெயைப் பார்க்க வேண்டும்" என்றார். காவலர்கள் கட்டிப்போடப் பார்த்தார்கள், கெஞ்சித் தப்பினார். அரசரின் தேர் வெளியே வந்தபோது வழியை மறித்து "ஷெ!" என்று கூவினார். சென் ஷெங் கேட்டார், நிறுத்தினார், தேரில் ஏற்றிக்கொண்டு போனார். மாடங்களையும் திரைகளையும் பார்த்து அந்தத் தோழர், "அடேயப்பா! ஷெ ராஜாவானதில் வீடு இவ்வளவு ஆழமா!" என்றார். அவர் சொன்ன வியப்புச் சொல் சூ நாட்டுப் பேச்சு. சீமா சியென் அதை அப்படியே எழுதி, சூ மக்கள் "நிறைய" என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று குறிப்பும் சேர்த்தார்.

தோழர் அரண்மனையில் இஷ்டம்போல் வந்து போனார். அரசர் கூலிக்கு உழுத நாட்களின் கதைகளை அந்தத் தோழர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அறிவிலியின் வாய் உங்கள் மதிப்பைக் குறைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சென் ஷெங் அவர் தலையை வெட்டச் சொன்னார். அதற்குப் பிறகு, பழைய தோழர்கள் ஒவ்வொருவராகத் தாங்களே கிளம்பிப் போனார்கள். போனவர்களில் யாருடைய பெயரும் பதிவில் இல்லை; வெட்டப்பட்டவருடையதும் இல்லை.